பூனையும் நூற்கண்டும்



சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் நம் நினைவிற்கு வருவது இயல்பு. இன்று நான் கூற விழையும் சரித்திரம் அத்தகையதன்று. அடுப்படியின் சாம்பற் சூட்டிலே சுருண்டு கிடக்கும் ஒரு சிறு பிராணியின் சரித்திரம் அது. அதனோடு சேர்த்து, நாம் வாழும் வீட்டின் சரித்திரமும் ஒரு முழ நூலின் சரித்திரமும் ஆகும்.

இதனைப் பேச எடுத்துக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று மாதப் பூனைக்குட்டி ஒன்று இருந்தது. என் தமக்கையார் தையல் வேலை செய்யும் விறாந்தையே அதற்கு விளையாட்டுக் களம். ஒருநாட் காலை அது உணவைத் தொடவில்லை. குடித்த தண்ணீரையும் கக்கியது. பின்னர் நெல்மூட்டைகளின் பின்னே போய் ஒளிந்து கொண்டது. வயிற்றில் பூச்சி இருக்கும் என்றார் பாட்டனார். ஆமணக்கெண்ணெய் பருக்கினோம். மறுநாள் அதன் பின்புறத்தில் வெள்ளை நூல் ஒன்று சிறிது வெளிப்பட்டிருக்கக் கண்டோம். நோயின் காரணம் அகப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்து, அந்நூலைப் பற்றி இழுத்தோம். குட்டி அலறிய அலறல் இன்றும் என் செவியில் நிற்கிறது. அன்றிரவே அது இறந்தது. அதனைக் காப்பாற்ற எண்ணி நாம் செய்த இரு காரியங்களுமே அதற்குத் தீங்காய் முடிந்தன என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

பூனை மனிதனிடம் எவ்வாறு வந்தது என்பதை முதலில் நோக்குவோம். நாயை மனிதன் வேட்டைத் துணையாகக் கொண்டான். மாட்டைத் தொழுவத்திற் கட்டினான். குதிரைக்குக் கடிவாளம் பூட்டினான். பூனையையோ எவரும் துரத்திப் பிடித்ததாகத் தெரியவில்லை. ஏறக்குறையப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் மக்கள் தானியம் விளைத்துச் சேமிக்கத் தொடங்கினர். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி, அந்நிலத்துக் காட்டுப்பூனை வந்தது. வந்ததை மனிதன் விரட்டவில்லை, அதுவும் போகவில்லை. உடன்படிக்கை எதுவும் எழுதப்படாத ஓர் உறவு இவ்வாறு உண்டாயிற்று.

இந்த உறவின் பழமைக்குச் சான்றாக ஒரு புதைகுழி உண்டு. சைப்பிரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட குழியொன்றில், ஒரு மனிதனுடைய எலும்புக்கூட்டுக்கு அண்மையில் ஒரு பூனையின் முழு எலும்புக்கூடும் காணப்பட்டது. 2004ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதனை உலகுக்கு அறிவித்தனர். அத்தீவிற் பூனை இயற்கையாக வாழ்ந்ததில்லை. மனிதரே படகில் ஏற்றிக் கொண்டு சென்றிருத்தல் வேண்டும். அப்பூனையின் வயது ஏறக்குறைய எட்டு மாதம். மனிதனுக்கு அருகே துயிலும் பூனைகளுள் நாம் அறிந்த மிகப் பழையது, குட்டிப் பருவம் நீங்கியும் நீங்காததுமான ஓர் இளம் பூனை என்பது சிந்திக்கத்தக்கது.

பின்னர் எகிப்து தேசத்தில் பூனைக்குப் பெருவாழ்வு கிடைத்தது. எசமானியின் நாற்காலியின் கீழே பூனை அமர்ந்திருப்பதை அந்நாட்டுக் கல்லறைச் சித்திரங்களிற் காணலாம். வீட்டுப் பூனை இறந்தால் அவ்வீட்டார் தம் புருவங்களை மழித்துக் கொள்வர் என்று கி. மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க சரித்திராசிரியர் எரொடோத்தசு எழுதி வைத்தார். ஆயினும் அதே எகிப்தில், காணிக்கையாகச் செலுத்துவதற்கென்றே பூனைகள் வளர்க்கப்பட்டு, கழுத்து முறிக்கப்பட்டு, பதனிடப்பட்ட சடலங்களாக்கப்பட்டன என்பதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டுகின்றன. அவ்வாறு பதனிடப்பட்ட பூனைகள் கப்பற் சரக்காக இங்கிலாந்துக்குச் சென்று, 1890இல் இலிவர்ப்பூல் நகரில் வயலுக்கு உரமாக ஏலம் போயின. வணங்குதல் வேறு, பேணுதல் வேறு என்பதற்கு இதனினும் பெரிய உதாரணம் வேண்டுவதில்லை.

உவேல்சு நாட்டினர் வணங்கவில்லை, விலை வைத்தனர். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட கௌவெல் என்னும் நல்லரசனின் பெயரால் வழங்கும் சட்டங்களிற் பூனைக்கும் இடமுண்டு. கண் திறவாத குட்டிக்கு விலை ஒரு பென்னி. கண் திறந்து, எலி பிடிக்கும் வரையில் இரண்டு பென்னி. எலி பிடிக்கத் தொடங்கியபின் நான்கு பென்னி. குட்டியின் விலை குறைந்ததற்குக் காரணம் வெளிப்படை. அது இன்னும் தொழில் கற்கவில்லை. உயிரின் மதிப்பு உழைப்பின் மதிப்பாகவே எண்ணப்பட்ட காலம் அது.

நம் தமிழிலோ பூனை முதலிற் காட்டுப் பிராணியாகவே தோன்றுகிறது. வெருகு என்பது அதன் பழம்பெயர். மாலை வேளையிலே மனைக்கோழியைக் கவர வரும் வெருகைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் பிள்ளைகளுக்குக் குட்டி என்னும் பெயரை உரிமையாக்குகிறது. எலிக்கும் அதனைத் தின்னும் வெருகுக்கும் ஒரே சூத்திரத்திற் பெயரிட்ட இலக்கணம் நம்முடையது! பூசை என்பது மற்றொரு பெயர். இராம கதை முழுவதையும் பாட முற்பட்ட தம் ஆசையை, பாற்கடல் முழுவதையும் நக்கிவிட எண்ணிய பூசையின் ஆசைக்குக் கம்பர் ஒப்பிட்டார். அவையடக்கமாக வந்த அவ்வுவமையைக் கற்ற நாம், பூனைக்கு உரிய உணவு பாலே என்றும் நம்பிவிட்டோம். உண்மையில், தாய்ப்பால் மறந்த பின்னர் மாட்டுப்பாலைச் செரிக்கும் ஆற்றல் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. பால் பருகி வயிறு கழியும் குட்டிகள் பல. இஸ்லாமிய மரபிலோ, பூனையொன்றைக் கட்டி வைத்து உணவும் கொடாது, தானாக இரை தேடவும் விடாது சாகவிட்ட பெண்ணொருத்தி தண்டனை பெற்றாள் என நபிமொழி கூறும். அடைத்து வைத்தவர்க்கே காக்கும் கடமையும் உண்டு என்பது அதன் கருத்து. இன்றைய பேச்சுக்கும் அதுவே கருத்து எனலாம்.

நேயர்களே, பூனை நெற்குதிரின் அடியிலிருந்து நடுவீட்டுக்கு வந்து சேர்ந்த அதே காலத்தில், நடுவீடும் மாறிவிட்டது. 1845இல் இலண்டனில் இறப்பர் வளையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1851இல் அமெரிக்காவில் ஐசாக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் தையல் இயந்திரம் உலகெங்கணும் வீடுகளுட் புகுந்தது. அதனோடு நூற்கண்டும் புகுந்தது. பின்னர் நைலோன் இழையும் பிளாத்திக்குப் பையும் வந்தன. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வேட்டு உலோ என்பவர், பூனை மலங்கழிக்கும் தட்டில் மணலுக்கும் சாம்பலுக்கும் பதிலாக உலர்ந்த களிமண் மணிகளை இட்டு விற்கத் தொடங்கினார். அதன் பின்னர், முற்றத்தையே காணாது வீட்டினுள் வாழ்ந்து முடியும் பூனைகள் பெருகின. எலியே இல்லாத வீட்டில், எலியைப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடலோடு அக்குட்டி வளர்கிறது. அதன் கண்ணெதிரே அசைவது எலியின் வாலன்று, நூலின் நுனி.

இனி அந்நூல் என்ன செய்கிறது என்பதைக் கேளுங்கள். பூனையின் நாக்கை விரலால் தொட்டவர்க்கு அதன் சொரசொரப்புத் தெரியும். தொண்டையை நோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் அந்நாவை நிறைத்திருக்கின்றன. எலும்பிலிருந்து இறைச்சியைச் சுரண்டவும் மயிரைக் கோதவும் பயன்படும் அம்முட்களே, நூல் விடயத்திற் பகையாகின்றன. வாயினுட் புகுந்த இழையைக் குட்டி துப்ப முயன்றாலும், நா அதனை உள்ளேயே தள்ளும். நூலின் ஒரு முனை நாவின் அடியிற் சிக்கிக் கொள்ளலாம். அன்றேல் இரைப்பையின் வாயிலிலே தடைபடலாம். மறுமுனையைக் குடல் தன் இயல்பின்படி கீழ்நோக்கி இழுக்கும். பாவாடை நாடாவை இழுக்கும்போது துணி கொசுவிக் கொள்வதை நாம் அறிவோம். அவ்வாறே குடலும் நூலின் மேற் கொசுவிச் சுருங்கும். இழுக்க இழுக்க, இறுகிய நூல் குடற்சுவரை வாள் போல அறுக்கும். அறுந்த வழியே மலம் வயிற்றறையிற் சிந்தினால், உயிர் பிழைப்பது அரிது.

எங்கள் ஆமணக்கெண்ணெய் குடலை மேலும் வேகமாக இழுக்கச் செய்தது. எங்கள் கை, அந்த வாளைக் கீழிருந்து இழுத்தது. இப்போது விளங்குகிறதல்லவா?

இத்தகைய வயிற்றைத் திறந்து உயிரைக் காக்கும் கலைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் தீவுக்கும் இடமுண்டு. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி வெட்டுவித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை வைத்தியம் ஏற்படுத்தப்பட்டதைக் கூறுகிறது. அவ்வைத்தியம் சென்ற நாடுகளாகச் சோழரையும் பாண்டியரையும் குறித்துவிட்டு, தாமிரபரணி வரையில் என்றும் அச்சாசனம் கூறுகிறது. அப்பெயர் இலங்கையைக் குறிப்பதென்பது அறிஞர் பலர் கொள்கை. பின்னர், கி. பி. 4ஆம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாசன் என்னும் மன்னன் தானே வைத்தியனாக விளங்கினான் எனச் சூளவம்சம் கூறும். வயிற்று நோயால் வருந்திக் கிடந்த நாகமொன்றை அவன் கண்டான். தன்னோடு எப்போதும் வைத்திருந்த கருவிகளை எடுத்து அதன் வயிற்றைக் கீறி, நோயுற்ற பகுதியை அகற்றி, மருந்திட்டுக் குணமாக்கினான் என்பது அந்நூல் தரும் கதை. கதையிற் புராணச் சாயல் உண்டு; ஐயமில்லை. ஆயினும், ஊர்வதொன்றின் வயிற்று நோவைக் கண்டு ஓர் அரசன் தன் யானையினின்றும் இறங்குவது தகும் என்று கருதிய சமுதாயம் இங்கே இருந்தது என்பதற்கு அக்கதையே சான்று.

மேனாட்டில் மிருக வைத்தியத்துக்கெனத் தனிக் கல்லூரி முதன்முதலாகத் தோன்றியது பிரான்சு தேசத்து இலியோன் நகரில். 1761இல் குளோடு பூர்சலா என்பவர் அதற்கு அரச ஆணை பெற்றார். இலண்டன் கல்லூரி 1791இல் நிறுவப்பட்டது. ஆனால் அந்நாளைய மிருக வைத்தியம் என்பது குதிரைக்கும் மாட்டுக்கும் உரிய வைத்தியமே. படை குதிரையால் நடந்தது. உழவு மாட்டால் நடந்தது. பூனையின் வயிற்று வலியால் எந்த அரசுக்கும் நட்டமில்லை. மோட்டார் வண்டி வந்து குதிரையை வீதியினின்றும் அகற்றிய பின்னரே, வைத்தியரின் மேசைமீது நாயும் பூனையும் பெருவாரியாக ஏறலாயின.

அதற்குள் மனித வைத்தியம் வழி திறந்து வைத்திருந்தது. 1846இல் பொஸ்ரன் நகரில் ஈதர் ஆவியால் மயக்கிச் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். 1867இல் இலிஸ்ரர் புண்ணிற் கிருமி சேராவண்ணம் காக்கும் முறையை வெளியிட்டார். 1895இல் இறொண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். மயக்கம் இல்லாவிடில் குட்டியின் வயிற்றைத் திறத்தல் இயலாது. கிருமி காவாவிடில் திறந்தும் பயனில்லை. ஊடுகதிர் இல்லாவிடில் எங்கே திறப்பது என்பது தெரியாது. மனிதனுக்காகக் கண்ட இம்மூன்றும் ஒன்று சேர்ந்த போதுதான், நூல் விழுங்கிய ஒரு குட்டிக்கும் பிழைக்க வழி பிறந்தது. இன்று நம் நாட்டிலேயே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில், இக்கலையைக் கற்பிக்கும் மிருக வைத்திய பீடம் இருக்கிறது.

சென்ற ஆண்டு மாரிகாலத்தில் இந்த வழியின் அருமையை என் வீட்டிலேயே கண்டேன். பேத்தி வளர்க்கும் குட்டி ஒருநாள் உண்ண மறுத்தது. மூன்று முறை கக்கியது. வாயில் நீர் வடிய, கட்டிலின் கீழே போய் ஒளிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்மூட்டைகள் என் கண்முன் வந்து நின்றன. "கொஞ்சம் எண்ணெய் பருக்கிப் பார்ப்போமே" என்று பக்கத்து வீட்டு அம்மையார் அன்போடு கூறினார். வேண்டாம் என்றேன். மழையிலேயே வைத்தியரிடம் கொண்டு சென்றோம்.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்க்குமுன், குட்டியின் வாயைத் திறந்து, தாடையின் அடியிற் பெருவிரலை வைத்து நாவை உயர்த்தினார். அங்கே, நாவின் வேரைச் சுற்றி, மயிரிழை போல ஒரு சிவப்பு நூல். பேத்தியின் பூமாலை நூல் அது. ஊடுகதிர்ப் படத்தில் நூல் தெரியவில்லை; ஆனால் குடல் ஒருபுறமாகக் கொசுவிக் குவிந்திருந்தது தெரிந்தது. நரம்பு வழியே நீரேற்றினர். மாலையில் மயக்கம் கொடுத்து, நாவடியில் நூலை வெட்டி விடுவித்து, குடலை மூன்று இடங்களிற் கீறி, துண்டு துண்டாக அதனை எடுத்தனர். நீளம் ஒன்றரை முழம். "குடல் இன்னும் அறுபடவில்லை. நாளைக்குக் கொண்டு வந்திருந்தால் இவ்வாறு கூறியிருக்க மாட்டேன்" என்றார் வைத்தியர். பத்து நாட்களில் தையல் பிரித்தார்கள். குட்டி இன்று என் கைந்நாற்காலியைத் தனதாக்கிக் கொண்டுவிட்டது.

ஆகவே, பூனை வளர்க்கும் நேயர்கள் சில காரியங்களை நினைவிற் கொள்ளுதல் நன்று. குட்டி மீண்டும் மீண்டும் கக்கினாலும், உணவை முற்றாக மறுத்தாலும், மலங்கழியாது ஒளிந்து கிடந்தாலும் நாளை பார்ப்போம் என்று இராதீர்கள். சிறிய உடலில் நீர் வற்றுவது மிக விரைவு. வாயிலோ பின்புறத்திலோ நூல் தென்பட்டால், எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள். எண்ணெயோ பேதி மருந்தோ பருக்காதீர்கள். கக்க வைக்கவும் முயலாதீர்கள். நூலை இருந்தபடியே விட்டு, குட்டியை ஒரு பெட்டியில் வைத்து வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

அதனினும் மேலானது வருமுன் காத்தல். ஊசியும் நூலும் மூடியுள்ள தகரப் பெட்டியில் இருக்கட்டும். இறப்பர் வளையம், தலைப்பின்னல் நாடா, பட்டம் விடும் நூல், தூண்டில் நைலோன், பரிசுப் பொதியின் மினுக்கு நாடா ஆகியவற்றை நிலத்திற் போடாதீர்கள். சுவாமி படத்துக்குச் சாத்திய பூமாலை வாடியபின், பூவை உதிர்த்து, நூலைத் தனியே அப்புறப்படுத்துங்கள். இறைச்சி கட்டிய நூலில் இறைச்சியின் மணமே இருக்குமாதலால் அதனை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் இடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். அதனை இரக்கம் கருதியும் கொடாதீர்கள்.

விழுங்கித் தடைபடுவன இவை; விழுங்கி நஞ்சாவன வேறு. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பரசிற்றமோல் குளிகை பூனைக்குக் கொடிய நஞ்சு. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை. இலில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலும் அதன் சிறுநீரகம் பழுதுபடும். வெங்காயமும் உள்ளியும் அதன் குருதியைக் கெடுக்கும். அந்துருண்டையும் ஆகாது. எலிப்பாடாணமோ நன்றிகெட்ட பொருள். ஒன்பதாயிரம் ஆண்டுகளாகப் பூனை செய்து வந்த தொழிலைப் பறித்ததோடு, நஞ்சுண்ட எலியை உண்ணும் பூனையையும் சேர்த்துக் கொல்லும்.

பூனை நம்மைத் தேடி வந்தது தானியக் களஞ்சியத்துக்கு. அக்களஞ்சியத்தில் அதற்குத் தீங்கு செய்வன சிலவே. அவற்றை அது அறிந்திருந்தது. நூலும் நாடாவும் குளிகையும் நிறைந்த இந்த வீட்டை அமைத்தவர் நாம். கதவைச் சாத்தியவரும் நாம். கண் திறவாத குட்டிக்கு ஒரு பென்னி விலை கூறிய காலத்தைக் கடந்து வந்துவிட்டோம் என்று நாம் பெருமை கொள்வது உண்மையாயின், அதனைக் காட்டுதற்குப் பெரிய செயல் எதுவும் வேண்டுவதில்லை. இன்றிரவு உறங்கச் செல்லுமுன், நிலத்திற் கிடக்கும் நூலைக் குனிந்து எடுத்துப் பெட்டியில் இட்டு மூடினாற் போதும்.

என் தமக்கையாரின் தையற்பெட்டி இன்று என்னிடத்தில் இருக்கிறது. மூடி சற்றுத் துருப்பிடித்தது. ஆயினும் இறுக மூடும். நாள்தோறும் அதனை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டே விளக்கணைக்கிறேன்.